ரத்தம் திரும்பி வரும் நேரம்

சிவகாசிப் பக்கம் ஆம்புலன்ஸ் ஓட்டப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் சைரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்ற ஊர்களில் சைரன் கேட்டால் ஜனங்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். இங்கே எதிரே ஓடி வருவார்கள். பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் திசையில் அந்தச் சத்தம் கேட்டுவிட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓர் ஆளாவது ரோட்டுக்கு வந்துவிடும். வெடித்துவிட்டது, நம் வீட்டு ஆள் எந்தச் செட்டில், எந்த வேலைக் கொட்டகையில் என்பதுதான் அந்த ஓட்டத்துக்கு அர்த்தம்.

அதனால் நான் ஓட்டிய காலத்தில் கம்பெனிக்காரர்கள் போன் பண்ணும்போதே சொல்லிவிடுவார்கள். "சைரன் போடாம வாங்க. கேட்டுக்கு வர வேணாம். ரோட்டுலயே நில்லுங்க, நாங்க கொண்டாந்து ஏத்துறோம்." நாங்களும் அப்படியே நிற்போம். எல்லா டிரைவர்களும் அப்படித்தான் நின்றார்கள். அந்தக் "கொண்டாந்து ஏத்துறோம்" என்ற ஒரு வார்த்தையில் எத்தனை நெஞ்சுவலிக்காரர்களின் உயிர் போனது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கிப் பல வருடங்கள் ஆகியும் எனக்கு அந்தக் கோபம் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. பம்பாயில் மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்திருக்கிறேன். நாக்பூர் லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் கால் வெடிக்க நின்றிருக்கிறேன். எந்த ஊரிலும் இரண்டு பொங்கலைச் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வண்டியை ஓட்ட வந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில். இப்போது இருக்கிற மாதிரி கூப்பிட்டால் வருகிற இலவச வண்டி அப்போது கிடையாது. என் வண்டியில் ஒரு படுக்கை, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். ஆகவே நான் சொல்வது மருத்துவம் அல்ல. வண்டி ஓட்டுகிறவன் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு முற்பகல். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து போன். வழக்கம்போல ரோட்டில் நின்றேன். கேட் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. முன்னால் போர்மேன், பின்னால் இன்னொரு ஆள், இரண்டு பேருக்கும் நடுவில் சாக்குமூட்டை மாதிரி ஒரு பெண்ணை நெருக்கி உட்கார வைத்திருந்தார்கள். பெயர் பொன்னுத்தாய். ஐம்பதை ஒட்டிய வயது. சரவெடி பின்னுகிறவர். நெற்றியெல்லாம் வியர்வை. இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டிருந்தார். பைக்குக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடி வந்தார் கூட வேலை பார்க்கும் அந்தோணியம்மாள்.

"எம்புட்டு நேரமா வலி?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்லப்பா, வாயு" என்றார் போர்மேன். "காலைல எண்ணெப் பலகாரம் தின்னுருக்கு. சோடா குடுத்துருக்கோம், சரியாயிரும்."

"அவ தின்னதை நீரு பாத்தீரா?" அந்தோணியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "வேலைக்கு உக்காந்ததுலருந்து தாடையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கா. ஸ்டோர் ரூம்ல படுக்கப் போட்டுட்டு, சாயந்தரம் வேன்ல வீட்டுக்குப் போயிக்கிடலாம்னு சொன்னது யாரு? நீருதான?"

"ஏத்தா, நீ போயி வேலையப் பாரு. செட்ல ஆளில்ல."

"நான் பின்னலேன்னா தீபாவளி வராமப் போயிராது" என்று சொல்லிவிட்டு அந்தோணியம்மாள் வண்டிக்குள் ஏறிக்கொண்டார்.

வழியில்தான் தெரிந்தது, பொன்னுத்தாய் செட்டிலிருந்து கேட் வரை நடந்தே வந்திருக்கிறார். "ரெண்டு எடத்துல உக்காந்து உக்காந்து வந்தேன் தம்பி" என்றார், ஏதோ அவர்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி.

செட்டுப் பக்கம் வண்டி போகக் கூடாது என்ற விதி சரியான விதி. ஒரு பொறி போதும், எல்லோரும் போய்விடுவார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெடிப் பெட்டிகளைக் குலுங்காமல் கொண்டுவர அதே கம்பெனியில் ரப்பர் சக்கரம் வைத்த தள்ளுவண்டி இருந்தது. பெட்டிக்குத் தள்ளுவண்டி உண்டு, மனுஷிக்குக் கிடையாது. ரத்தம் போகாமல் தவிக்கிற இதயத்தை அத்தனை தூரம் நடக்க வைத்து, பிறகு பைக்கில் குலுக்கி எடுத்து வந்திருக்கிறார்கள். உங்களுக்கு இதில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்காரர் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். கேட்டில் தடுத்தால் சண்டை போடுங்கள். சண்டை போட்டதற்காக வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். எனக்கு எத்தனையோ கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததுமே டாக்டரின் முகம் மாறிவிட்டது. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. மாரடைப்பேதான். அடைப்பைக் கரைக்கும் மருந்தை டிரிப்பில் ஏற்ற வேண்டும் என்றார். அதற்குள் பொன்னுத்தாயின் மகன் தங்கராசு வந்துவிட்டான். ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன், கையெல்லாம் நீல மை. சிஸ்டர் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சேலையை மாற்றி உடம்பைத் துடைக்க வேண்டுமாம்.

"உசுரு போற நேரத்துல சேலை மாத்துறதுதான் முக்கியமா சிஸ்டர்?" என்று தங்கராசு கத்தினான்.

"அந்தச் சேலை மடிப்புல என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா? வெடியில இருந்து உதிர்ந்த மருந்து. உள்ள ஆக்சிஜன் போகுது. நெஞ்சுல ஷாக் வைக்க வேண்டி வந்தா பொறி பறக்கும். ஒங்க அம்மாவைக் காப்பாத்தணுமா, கொளுத்தணுமா? தள்ளுங்க."

அந்த சிஸ்டருக்கு என்னைவிட வயது குறைவு. சாத்தூர்ப் பக்கம், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிற எல்லோரும் அவர் செய்ததைச் செய்ய வேண்டும். இங்கே வேலை செய்கிறவர்கள் வெடிமருந்தை உடம்பிலேயே சுமந்துகொண்டுதான் நம் வண்டிக்கு வருகிறார்கள். வெளியூரில் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரியாது.

டிரிப் ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பொன்னுத்தாய் கண் திறந்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"வலி போச்சு சிஸ்டர். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருதேன்."

"எந்திரிக்கக் கூடாது. படுத்துக்கிட்டே போங்க, பாத்திரம் வைக்கேன்."

"படுத்துக்கிட்டேவா? சீ. நான் என்ன கைப்புள்ளையா?"

"எந்திரிச்சீகன்னா கட்டிப் போட்டுருவேன்."

"கட்டுங்க. கட்டுக்குள்ளயே போறேன்" என்றார் பொன்னுத்தாய். சாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வலி போய்விட்டதே. உலகத்தில் எல்லோரும் வலியை வைத்துத்தானே கணக்குப் போடுகிறார்கள்.

அப்போதுதான் மானிட்டர் அலற ஆரம்பித்தது. அதுவரை ஒழுங்காக ஓடிய கோடு, அகல அகலமாக, கோணல் கோணலாக ஓடியது. கண்ணாடி வழியாக அதைப் பார்த்த தங்கராசு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். "நல்லாப் பேசிக்கிட்டிருந்த ஆளு. மருந்து ஏத்துனீக, இப்பிடி ஆயிருச்சு. நிறுத்துங்க மருந்தை!"

டாக்டர் திரும்பவே இல்லை. ஒரு கை நாடியில், கண் மானிட்டரில். "பிரஷர் எறங்கல. மருந்து ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இதற்குள் கம்பெனி மேனேஜர் காரில் வந்து சேர்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் செல்போன். நோயாளியைப் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்தார்.

"வண்டியை எடு. மதுரைக்குப் போகணும்."

"இந்த நெலமையில எடுக்கக் கூடாது சார். வழியில துடிப்பு நின்னுட்டா என்ன செய்ய? எங்கிட்ட சிலிண்டர் மட்டும்தான் இருக்கு."

"ஒன் வேலை ஓட்டுறது. யோசிக்கிறது இல்ல." பிறகு தங்கராசுவிடம் குரலைக் குழைத்தார். "தம்பி, மதுரைல பெரிய ஆஸ்பத்திரி. செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கிடும். இங்கன வச்சு அம்மாவைச் சாகடிச்சிராத."

அவருக்கு ஏன் அந்த அவசரம் என்று எனக்குத் தெரியும். அந்தம்மா சிவகாசியில் செத்தால் சாயந்தரம் வேன் கிளம்புவதற்குள் எல்லாச் செட்டுக்கும் செய்தி போய்விடும். சீசன் நேரத்தில் பின்னுகிறவர்கள் வேலையை விட்டு எழுந்துவிடுவார்கள். ஸ்டோர் ரூமில் எவ்வளவு நேரம் போட்டிருந்தீர்கள் என்று கேள்வி வரும். மதுரையில் செத்தால் அது மதுரையின் சாவு. கம்பெனியின் கேட்டிலிருந்து அந்தச் சாவை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம் என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு என் வண்டி வேண்டும். நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். ஆனால் தீர்மானம் என்னுடையது அல்ல, மகனுடையது. அவன் அம்மாவின் கையிலிருந்த டிரிப் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது.

சிஸ்டர் அவனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நீங்க என்ன வேலை பாக்கீக?"

"அதெதுக்கு இப்ப? பிரஸ்ல மெஷின்மேன்."

"மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போயிருச்சு. மொதல்ல என்ன செய்வீக?"

அவன் எரிச்சலோடு சொன்னான். "மெயினை ஆப் பண்ணுவேன்."

"கரண்டே இல்லையே, எதுக்கு ஆப் பண்ணணும்?"

"வரும்போது வோல்டேஜ் ஒரே தூக்காத் தூக்கிக்கிட்டு வரும். மோட்டாரு எரிஞ்சுரும்."

"போகும்போது எரியாத மோட்டாரு வரும்போது எரியும். அப்பிடித்தான?"

சிஸ்டர் மானிட்டரைக் காட்டினார்.

"ஒங்க அம்மா நெஞ்சுல காலைல கரண்ட் போச்சு. இப்ப வருது. அடைப்பு கரையுது, ரத்தம் திரும்பிப் பாயுது. அப்பிடித் தூக்குறதைத்தான் அங்க மானிட்டர்ல பாக்கீக. பிரஸ்ல ஆப் பண்ணி வைக்கலாம், நெஞ்சை ஆப் பண்ண முடியாது. அதனால தூக்கி அடங்குற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். டாக்டரு நிக்காரு, ஷாக் மெஷின் நிக்குது, நான் நிக்கேன். ரோட்டுல யாரு நிப்பா?"

தங்கராசு மேனேஜரைப் பார்த்தான். மானிட்டரைப் பார்த்தான். பிறகு சுவரோரம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "இங்கயே இருக்கட்டும்" என்றான்.

"நீதான் பொறுப்பு" என்றார் மேனேஜர்.

"அவன் பொறுப்புதான். ஒமக்கென்ன, ஒம்ம அம்மையா?" என்று வராந்தாவிலிருந்து அந்தோணியம்மாள் கேட்டார். மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்தக் கோணல் ஓட்டம் தானாகவே அடங்கியது. எல்லோரும் மூச்சு விட்டோம். விட்டிருக்கக் கூடாது. சற்று நேரத்தில் கோடு புழுப் போல நெளிந்தது, பொன்னுத்தாயின் கண் மேலே செருகியது. "தள்ளுங்க" என்று டாக்டர் சொன்னது மட்டும் கேட்டது. ஷாக் வைத்தார்கள். உடம்பு தூக்கிப் போட்டது. மறுபடி வைத்தார்கள். துடிப்பு வந்தது. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த நெஞ்சு, பக்கத்திலேயே தயாராக இருந்த மெஷின். அவர் பிழைத்ததற்கு இவைதான் காரணம். மேனேஜர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த நேரத்துக்கு நாங்கள் திருமங்கலத்துப் பக்கம் எங்காவது போய்க்கொண்டிருப்போம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன், அவர் பின்னால் செத்துக்கொண்டிருப்பார், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்றைக்கு வழிமுறைகள் மாறிவிட்டன. குழாய் விட்டு அடைப்பைத் திறக்கும் இடத்துக்கு நேரே கொண்டு போ என்று டாக்டர் சொன்னால் போங்கள், தாமதிக்காதீர்கள். என் கதையைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் உள்ளூரிலேயே வைத்திருக்க வேண்டாம். ஆனால் கொண்டு போகச் சொல்வது யார் என்று பாருங்கள். டாக்டரா, வெள்ளைச் சட்டையா என்று பாருங்கள். வலி நின்றுவிட்டது என்று நோயாளி எழுந்து உட்கார்ந்தால், அப்போதுதான் பயப்படுங்கள்.

பிற்பகலில் டாக்டர் தங்கராசுவிடம் சொன்னதையும் கேட்டேன். ரத்தம் இல்லாமல் கொஞ்சம் தசை செத்திருக்கிறது. திரும்பி வந்த ரத்தத்தாலேயே கொஞ்சம் புண்பட்டிருக்கிறது. மிச்சம் உயிரோடு இருக்கிறது, ஆனால் மலைத்துப் போய் நிற்கிறது. வேலை செய்ய மறுக்கிறது. அது தெளிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மாத்திரை, ஓய்வு. சுமை ஏற்றினால் தெளிய வேண்டிய தசையும் போய்விடும்.

கம்பெனியில் இந்தச் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அடைப்பு கரைந்துவிட்டது, பொன்னுத்தாய்க்கு இனி ஒன்றுமில்லை. அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்குப் போன பிறகு ஒரு காலையில் விஸ்வநத்தம் பிரியும் விலக்கு ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வேன் வந்து நின்றது. ஏறுகிற பெண்களோடு பெண்ணாக, கையில் தூக்குச்சட்டியோடு பொன்னுத்தாய் ஏறினார். டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"எங்கக்கா கிளம்பிட்டீக?"

"வேலைக்குத்தான். வலிதான் போயிருச்சே தம்பி."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு சொல்லுவாரு. இப்ப நின்னா பேரை அடிச்சிருவாக. வருசம் முழுக்கப் பின்னுனதுக்கு தீபாவளிக்குத்தான் போனசு. மகனுக்கு மூணு பிள்ளைக. நான் படுத்துக்கிட்டு அவன் கையப் பாக்கவா?"

"உசுரு போயிரும்க்கா."

"போனாப் போகுது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்தால் வரட்டும் என்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வேனின் தகரத்தில் ஓங்கி அடித்தேன்.

"அண்ணாச்சி, வண்டியை அடிக்காதீக. லேட்டானா கேட்டைப் பூட்டிருவாக" என்றான் வேன் டிரைவர்.

உள்ளே இருந்து அந்தோணியம்மாள் எழுந்து வந்தார். "ஏட்டி பொன்னு, எறங்கு."

"நீ சும்மா இரு."

"எறங்குட்டி. ஒன் பேர்ல நாங்க பின்னிப் போடுதோம். ஆளுக்குக் கொஞ்சம் கூடப் பின்னுனா கணக்குச் சரியாப் போகும். சரத்துல மொகமா ஒட்டியிருக்கு, இன்னார் பின்னுனதுன்னு கண்டுபிடிக்க?"

"போர்மேன் வந்து ஆளைக் கேட்டா?"

"ஒண்ணுக்குப் போயிருக்கான்னு சொல்லுதோம்."

"தீபாவளி வரைக்குமாக்கா ஒண்ணுக்குப் போவா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு பெண் கேட்க, வேனே சிரித்தது. சிரித்துக்கொண்டே நாலு கைகள் பொன்னுத்தாயைப் படியில் இறக்கிவிட்டன. தூக்குச்சட்டியைக் கையில் திணித்தன. வேன் போய்விட்டது.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் ஏழைகளின் நல்ல மனசு என்று உருகுகிறார்கள். எனக்கு அந்த உருக்கத்தைக் கேட்டாலே எரிகிறது. ஒரு மனுஷியின் இதயத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டியது யார்? கம்பெனி கொடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழாமல் ஏற்கனவே பின்னிக்கொண்டிருந்தவர்கள், இன்னும் கொஞ்சம் குனிந்து அதைக் கொடுத்தார்கள். அதையும் திருட்டுத்தனமாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். நல்ல காரியம் ஒன்று நடந்துவிட்டது என்ற நினைப்பில் பொன்னுத்தாயைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தோணிக்குப் படி ஏறுனாலே மூச்சு வாங்குது" என்றார். "ராத்திரி மல்லாக்கப் படுக்க முடியலைன்னு சொல்லுதா. எனக்கு வந்த மாதிரியே தாடை வலிக்குதுன்னு நேத்தும் சொன்னா. எம்பங்கையும் சேத்துப் பின்னப் போறா."

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்கக்கா. ஈசிஜி எடுத்துப் பாத்துரலாம். நானே வண்டியோட வாரேன்."

"சீசன்ல ஞாயித்துக்கிழமை ஏது தம்பி" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் மெதுவாக வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.